ஏற்றமும் தாழ்வும் கண்ட ஒறாபி பாஷா: நாடு கடத்தப்பட்ட ஒருவர் விட்டுச் சென்ற பாடம்

வெற்றி வாய்க்கும்போது அது என்றென்றும் நிலைக்கும் என எண்ணுவதும், துன்பம் சூழும்போது இனி விடிவே இல்லை எனச் சோர்ந்து போவதும் மனித இயல்பாகும். இவ்விரு மயக்கங்களிலிருந்தும் விடுபட வேண்டும் என்பதை எமது முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர். திருக்குறள் இடுக்கணழியாமைக்கென ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியுள்ளது. இஸ்லாம் துன்பத்தில் பொறுமையையும் இன்பத்தில் நன்றியுணர்வையும், ஸப்ர், ஷுக்ர் என இணைத்தே கற்பிக்கின்றது. எனினும் போதனையாகக் கேட்கும்போது எளிதாகத் தோன்றும் இவ்விடயம், வாழ்ந்து காட்டுவதற்கு மிகக் கடினமானது. அவ்வாறு வாழ முயன்ற ஒருவரை அறிய விரும்புவோர் தொலைதூர வரலாறுகளை மட்டும் தேட வேண்டியதில்லை. எகிப்தின் யுத்த அமைச்சராக இருந்து, தோற்கடிக்கப்பட்டு, நாடு கடத்தப்பட்டு, எமது தீவில் பதினெட்டு ஆண்டுகளுக்கு மேலாக வாழ்ந்த அஹ்மத் ஒறாபி பாஷாவின் வரலாறே இதற்குப் போதுமானதாகும்.

கொழும்பு மருதானையில் ஸாஹிராக் கல்லூரி அமைந்துள்ள வீதி இவரது பெயரைத் தாங்கி நிற்கின்றது. அவ்வழியே நாளாந்தம் செல்வோருள் எத்தனை பேர் அப்பெயருக்குரியவர் யார் என்பதை அறிவர் என்பது கேள்விக்குரியதே. எனவே அவரது கதையைத் தொடக்கத்திலிருந்தே நோக்குவோம்.

ஒறாபி 1841ஆம் ஆண்டு, நைல் நதிக் கழிமுகத்தின் கிழக்கே ஷர்க்கிய்யா மாகாணத்தின் கிராமமொன்றில் பிறந்தார். தந்தை அக்கிராமத்தின் தலைவராக விளங்கியவர். எனினும் அக்கால எகிப்தில் மண்ணின் மைந்தர்களான விவசாயக் குடும்பத்தினருக்கு உயர் பதவிகளின் கதவுகள் திறக்கப்படுவதில்லை. துருக்கிய, சேர்க்காசிய வம்சாவளியினரே இராணுவத்திலும் நிர்வாகத்திலும் ஆதிக்கம் செலுத்தினர். கெய்ரோவின் அல் அஸ்ஹரில் சிறிது காலம் கல்வி கற்ற ஒறாபிக்கு, ஆட்சியாளர் ஸஈத் பாஷாவின் புதிய கொள்கை எதிர்பாராத வாய்ப்பொன்றை வழங்கியது. உள்நாட்டு எகிப்தியரையும் அதிகாரிகளாக உயர்த்த ஸஈத் முன்வந்தார். அதன் பயனாக ஒறாபி இருபது வயதளவிலேயே லெப்டினன்ட் கேணல் தரத்தை எட்டினார். கிராமத்து இளைஞன் ஒருவனுக்கு இதைவிடச் சிறந்த நற்காலம் வேறு இருந்திருக்க முடியாது.

ஆனால் 1863இல் ஸஈத் மறைந்தார். அடுத்து வந்த இஸ்மாயிலின் ஆட்சியில் பழைய பாகுபாடு மீண்டும் தலைதூக்கியது. உயரதிகாரிகளுடன் ஏற்பட்ட பிணக்கினால் ஒறாபி ஒரு கட்டத்தில் பதவியையே இழந்தார். பின்னர் மீளச் சேர்த்துக் கொள்ளப்பட்டபோதிலும் ஏறத்தாழ இரு தசாப்தங்கள் அதே தரத்திலேயே இருக்க நேர்ந்தது. விரைவாக ஏறியவர் ஏணியின் நடுவிலே நிறுத்தப்பட்டார். அக்காத்திருப்பு அவரை முற்றாகக் கசப்படையச் செய்திருக்கலாம். ஆயினும், தனக்கு நேர்ந்தது தனிப்பட்ட துரதிர்ஷ்டம் அன்று, தன் போன்ற அனைவருக்கும் இழைக்கப்படும் அநீதி என்பதை அவர் அக்காலத்திலேயே புரிந்துகொண்டார். தமது துன்பத்தைப் பிறரது துன்பத்தோடு சேர்த்துப் பார்க்கும் இத்தெளிவே பிற்காலத்தில் அவரைத் தலைவராக்கியது எனலாம்.

இதே காலத்தில் எகிப்து கடனில் மூழ்கிக் கொண்டிருந்தது. 1875இல் சுயஸ் கால்வாய்க் கம்பனியின் பங்குகளை இஸ்மாயில் பிரித்தானியாவுக்கு விற்க நேர்ந்தது. அடுத்த ஆண்டு முதல் நாட்டின் வரவு செலவுகளைப் பிரித்தானியரும் பிரான்சியரும் கண்காணிக்கலாயினர். 1879இல் இஸ்மாயில் பதவி நீக்கப்பட்டு அவரது மகன் தௌபீக் ஆட்சிக்கு வந்தார். கடன்காரர்களுக்கு வட்டி தவறாது செலுத்தப்பட்ட வேளையில் இராணுவத்தினருக்குச் சம்பளம் நிலுவையாக இருந்தது. விவசாயிகள் வரிச்சுமையால் நசிந்தனர்.

1881ஆம் ஆண்டின் தொடக்கத்தில், உள்நாட்டு அதிகாரிகளின் பதவி உயர்வைத் தடுத்த யுத்த அமைச்சருக்கு எதிராக ஒறாபியும் சக கேணல்கள் இருவரும் மனுச் சமர்ப்பித்தனர். பெப்ரவரி 1ஆம் திகதி, அரச குடும்பத் திருமண ஏற்பாடு ஒன்றைக் காரணங்காட்டி அவர்கள் அழைக்கப்பட்டுக் கைது செய்யப்பட்டனர். ஆனால் படையினர் திரண்டு வந்து அவர்களை அன்றே மீட்டனர். அமைச்சர் பதவி இழந்தார். அதே ஆண்டு செப்டெம்பர் 9ஆம் திகதி கெய்ரோவின் ஆப்தீன் அரண்மனை முன்றலில் ஒறாபி படைகளை அணிவகுத்து நிறுத்தினார். அமைச்சரவை கலைக்கப்பட வேண்டும், பாராளுமன்றம் கூட்டப்பட வேண்டும், படையின் எண்ணிக்கை 18,000 ஆக உயர்த்தப்பட வேண்டும் என்பன அவரது கோரிக்கைகளாகும். தௌபீக் பணிந்தார். 1882 பெப்ரவரியில் ஒறாபி யுத்த அமைச்சரானார். கிராமத் தலைவரின் மகன் நாட்டின் நம்பிக்கை நட்சத்திரமானார். மக்கள் அவரைக் காணத் திரண்டனர்.

இந்த ஏற்றம் எத்தனை காலம் நீடித்தது என்பதே கவனிக்க வேண்டியது. ஏறத்தாழ ஓராண்டு மட்டுமே. 1882 ஜூலை 11ஆம் திகதி பிரித்தானியக் கடற்படை அலெக்சாந்திரியா நகரின் மீது குண்டுமாரி பொழிந்தது. தௌபீக் பிரித்தானியர் பக்கம் சேர்ந்து ஒறாபியைப் பதவி நீக்கினார். ஜூன் மாதத்தில் உயர் விருது வழங்கி ஒறாபியைக் கௌரவித்த துருக்கிய சுல்தான், செப்டெம்பரில் அவரையே கிளர்ச்சியாளர் எனப் பிரகடனம் செய்தார். மூன்று மாத இடைவெளியில் அதே கரங்கள் விருதையும் தந்தன, பழியையும் தந்தன. சுயஸ் கால்வாய் யுத்தத்துக்குப் பயன்படுத்தப்பட மாட்டாது என்ற உறுதிமொழியை நம்பி அதனை உரிய நேரத்தில் மூடாது விட்டமை ஒறாபியின் பெரும் தவறாக முடிந்தது. பிரித்தானியப் படை அக்கால்வாய் வழியாகவே உள்நுழைந்தது. செப்டெம்பர் 13ஆம் திகதி விடியலுக்கு முன்னர் தெல் எல் கபீரில் எகிப்தியப் படை திடீர்த் தாக்குதலுக்கு இலக்காகி, சுமார் ஒரு மணித்தியாலத்தில் சிதறியது. ஆப்தீன் அரண்மனை முன் நின்ற நாளிலிருந்து எண்ணினால் அது ஓராண்டும் நான்கு நாட்களுமே ஆகும்.

சரணடைந்த ஒறாபியைத் தூக்கிலிடவே தௌபீக் தரப்பினர் விரும்பினர். எகிப்தியர்பால் அனுதாபம் கொண்டிருந்த ஆங்கிலக் கவிஞர் வில்பிரட் பிளன்ட் தமது முயற்சியால் சட்டத்தரணிகளை ஏற்பாடு செய்தார். முடிவில் ஓர் இணக்கம் எட்டப்பட்டது. 1882 டிசெம்பர் 3ஆம் திகதி கிளர்ச்சிக் குற்றத்தை ஒறாபி ஒப்புக்கொள்ள, மரணதண்டனை விதிக்கப்பட்டு, உடனேயே ஆயுட்கால நாடு கடத்தலாக மாற்றப்பட்டது. பட்டங்கள் பறிக்கப்பட்டன, சொத்துக்கள் பறிமுதல் செய்யப்பட்டன. தண்டனைக்குரிய இடமாகத் தெரிவு செய்யப்பட்டது இலங்கை ஆகும்.

ஒறாபியும் சகாக்கள் அறுவரும் குடும்பத்தினருடன் 1883 ஜனவரியில் கொழும்பை வந்தடைந்தனர். துறைமுகத்தில் பெருந்தொகையான முஸ்லிம்கள் கூடி அவர்களை வரவேற்றனர். எகிப்தில் குற்றவாளியாகத் தீர்ப்பளிக்கப்பட்டவர் இங்கே வீரராக வரவேற்கப்பட்டார். ஒரே மனிதர், சில வாரங்களே இடைவெளி. இரு கரைகளிலும் முற்றிலும் மாறான மதிப்பீடு. புகழும் பழியும் மனிதனின் உள்ளீட்டை அளக்கும் படிக்கற்கள் அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

வரவேற்பின் ஆரவாரம் அடங்கியதும் நாடு கடத்தப்பட்டோரின் நீண்ட நாட்கள் தொடங்கின. அவர்கள் சிறையில் அடைக்கப்படவில்லை. தீவை விட்டு வெளியேறுவதில்லை என்ற வாக்குறுதியின் பேரில் சுதந்திரமாக நடமாட அனுமதிக்கப்பட்டனர். எனினும் கொழும்பின் ஈரலிப்பான காலநிலை பாலைவனத்து மனிதர்களின் உடலை வாட்டியது. வருமானம் போதவில்லை. காலம் செல்லச் செல்ல எழுவருக்கிடையிலும் மனக்கசப்புகள் தோன்றின. தோல்விக்கு யார் பொறுப்பு என்ற வாதம் எந்தத் தோல்வியாளர் கூட்டத்தையும் விட்டு வைப்பதில்லை அல்லவா? 1891இல் அப்துல் ஆல் ஹில்மி கொழும்பில் மரணமானார். 1894இல் மஹ்மூத் பஹ்மியும் 1900இல் யாகூப் ஸாமியும் கண்டியில் மறைந்தனர். முன்னாள் பிரதமரும் நவீன அறபுக் கவிதை மறுமலர்ச்சியின் முன்னோடியுமான மஹ்மூத் ஸாமி அல் பாரூதி, மனைவியின் மரணச் செய்தியை இத்தீவிலிருந்தே கேட்டறிந்தார். அவரது சிறந்த இரங்கற் கவிதைகள் பல அத்துயரில் விளைந்தவையாகும். பார்வை குன்றிய நிலையிலேயே 1899இல் அவர் தாயகம் திரும்பினார்.

இத்தகைய சூழலில் ஒறாபி என்ன செய்தார் என்பதே எமது கட்டுரையின் மையமாகும். அவர் தாயகம் திரும்பும் ஆசையைக் கைவிட்டுத் துறவு மனத்துடன் இருந்தார் எனக் கூறுவது உண்மைக்குப் புறம்பானது. காலநிலையையும் நோயையும் எடுத்துரைத்து அதிகாரிகளுக்கு மீண்டும் மீண்டும் மனுக்களை அனுப்பினார். அவை மறுக்கப்பட்டபோது மனம் வருந்தினார். ஆனால் பதில் வரும் வரை வாழ்வை நிறுத்தி வைக்கவில்லை. திரும்பும் நாளை எதிர்பார்ப்பதும், இருக்கும் நாளைப் பயன்படுத்துவதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல என்பதை அவர் செயலில் காட்டினார். ஆங்கிலம் கற்றார். தம்மை நாடி வந்தோரோடு உரையாடினார். தாம் வந்து சேர்ந்த சமூகத்தின் தேவை யாது என்பதைக் கூர்ந்து நோக்கினார்.

அக்கால இலங்கை முஸ்லிம்களின் கல்வி நிலை கவலைக்கிடமாக இருந்தது. நவீன கல்வியை வழங்கிய பாடசாலைகள் பெரும்பாலும் கிறிஸ்தவ மிஷனரிகளின் கைகளில் இருந்தமையால், மதமாற்ற அச்சம் காரணமாகப் பெற்றோர் பிள்ளைகளை அங்கு அனுப்பத் தயங்கினர். குர்ஆன் மத்ரஸாவோடு பெரும்பாலானோரின் கல்வி நிறைவுற்றது. இந்நிலையை மாற்ற முற்பட்டவர் கண்டியைச் சேர்ந்த சட்டத்தரணி எம்.சி.சித்திலெப்பை ஆவார். ஒறாபி வருவதற்குச் சிறிது முன்னர், 1882இன் இறுதியில் அவர் முஸ்லிம் நேசன் பத்திரிகையைத் தொடங்கியிருந்தார். அவர் 1885இல் எழுதிய அஸன்பேயுடைய கதை, ஈழத்தின் முதலாவது தமிழ் நாவலாகக் கருதப்படுகின்றது. எகிப்தும் அதன் கதைக்களங்களுள் ஒன்றாக அமைந்தமை தற்செயலானது என நாம் எண்ணவில்லை.

சித்திலெப்பையின் எண்ணத்துக்கு ஒறாபியின் பிரசன்னம் பெரும் வலுவூட்டியது. அல் அஸ்ஹரில் கற்ற, மார்க்கப் பற்றுமிக்க ஒரு பாஷாவே ஆங்கிலக் கல்வியையும் நவீன அறிவையும் வலியுறுத்தியபோது, மார்க்கத்துக்கும் நவீன கல்விக்கும் இடையில் பகையில்லை என்பதைச் சமூகம் ஏற்கத் தொடங்கியது. 1884இல் கொழும்பில் ஆரம்பிக்கப்பட்ட முதலாவது முஸ்லிம் பாடசாலை போதிய ஆதரவின்றித் தளர்ந்தது. இங்கும் தோல்வியே முதலில் வந்தது. ஆயினும் முயற்சி கைவிடப்படவில்லை. கொழும்பு நூதனசாலையைக் கட்டிய புகழ்பெற்ற கட்டட நிர்மாணியான வாப்பிச்சி மரிக்கார் போன்ற கொடையாளர்களின் துணையுடன், 1892 ஓகஸ்ட் 22ஆம் திகதி மருதானையில் அல் மத்ரஸதுஸ் ஸாஹிரா திறந்து வைக்கப்பட்டது. ஒறாபி அதன் போஷகரானார்.

அந்தச் சிறிய பாடசாலையே ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்தது. ரீ.பீ.ஜாயா, ஏ.எம்.ஏ.அஸீஸ் ஆகிய அதிபர்களின் காலத்தில் அது நாட்டின் முன்னணிக் கல்லூரிகளுள் ஒன்றாகத் திகழ்ந்தது. முஸ்லிம்களுக்கு மட்டுமன்றி ஏனைய சமூகத்தினருக்கும் அதன் கதவுகள் திறந்திருந்தன. தமிழுலகம் போற்றும் பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி அக்கல்லூரியின் மாணவர் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. நைல் நதிக்கரையில் தோற்ற ஒருவர் ஊன்ற உதவிய வித்தின் நிழலில், கரவெட்டியிலிருந்து வந்த தமிழ் மாணவர் ஒருவரும் கற்றார். ஒறாபியின் ஓராண்டு அதிகாரம் எகிப்தில் விட்டுச் சென்றவை தோல்வியோடு அழிக்கப்பட்டன. அதிகாரமற்ற ஆண்டுகளில் அவர் துணை நின்ற பணியோ ஒரு நூற்றாண்டைக் கடந்தும் நிலைத்துள்ளது.

1892இல் ஒறாபி, உடல்நலம் கருதிக் கண்டிக்கு இடம்பெயர்ந்தார். ஹல்லொலுவ வீதியில் அவர் வாழ்ந்த இல்லம், அவர் இலங்கை வந்த நூற்றாண்டை ஒட்டி 1983இல் நினைவு நிலையமாக்கப்பட்டது. 1901 ஏப்ரலில், பின்னாளில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னராக முடிசூடிய பிரித்தானிய இளவரசர் இலங்கைக்கு வருகை தந்தார். அவ்வருகையை அடுத்து, மே மாதத்தில் தௌபீக்கின் மகன் அப்பாஸ் ஹில்மி மன்னிப்பு வழங்கினார். பதினெட்டு ஆண்டுகள் காத்திருந்த செய்தி வந்தே விட்டது. மனிதர் பலர் இத்தருணத்தைக் கதையின் இனிய முடிவாகக் கொள்வர். ஒறாபியின் கதை அவ்வாறு முடியவில்லை.

1901 இறுதிப் பகுதியில் தாயகம் திரும்பியவரை எகிப்து குளிர்ந்த முகத்துடனேயே எதிர்கொண்டது. புதிய தலைமுறையின் தேசியவாதிகள், பிரித்தானிய ஆக்கிரமிப்புக்கு வழிவிட்டவர் அவரே எனக் குற்றஞ்சாட்டினர். தம்மை விடுவித்தமைக்காக அவர் பிரித்தானியருக்கு நன்றி தெரிவித்தமை அவர்களது சினத்தை மேலும் தூண்டியது. முஸ்தபா காமில் அவரைக் கடிந்தார். பெருங்கவிஞர் அஹ்மத் ஷௌக்கி எள்ளி நகையாடிக் கவிதை புனைந்தார். பறிக்கப்பட்ட சொத்துக்களை மீட்க எடுத்த முயற்சிகளும் பலிக்கவில்லை. அரண்மனை முன்றலில் ஆர்ப்பரித்த மக்களின் பிள்ளைகள் அவரைக் கண்டும் காணாதவர் போற் சென்றனர். நாட்டைப் பிரிந்த துயரைவிட, நாட்டிலேயே அந்நியரான துயர் கொடிதாக இருந்திருக்கும் என்பதில் ஐயமில்லை.

அப்போதும் அவர் ஒரு பணியைத் தமக்கென வகுத்துக் கொண்டார். நடந்தவற்றைத் தமது பார்வையில் நிதானமாக எழுதி வைக்கலானார். அந்நினைவுக் குறிப்புகள் அவர் மறைந்த பின்னரே நூலாக வெளிவந்தன. 1911 செப்டெம்பர் 21ஆம் திகதி, எழுபது வயதளவில், சொற்ப ஓய்வூதியத்துடன் வாழ்ந்து கெய்ரோவில் அவர் காலமானார். தமக்கு நியாயம் கிடைப்பதைக் காண அவருக்கு ஆயுள் இருக்கவில்லை.

நியாயம் பின்னரே வந்தது. 1952இல் மன்னராட்சி வீழ்ந்ததும், புரட்சி செய்த இராணுவ அதிகாரிகள் ஒறாபியைத் தமது முன்னோடியாகப் போற்றினர். பெருநிலக்கிழார்களின் காணிகளை விவசாயிகளுக்குப் பகிர்ந்தளிக்கும் சட்டம், ஆப்தீன் நிகழ்வின் அதே செப்டெம்பர் 9ஆம் திகதியில் பிறப்பிக்கப்பட்டது. அவர் பிறந்த ஷர்க்கிய்யா மாகாணம் அத்தினத்தைத் தனது தினமாகக் கொண்டாடுகின்றது. கெய்ரோவின் சதுக்கமொன்று அவர் பெயரைப் பெற்றது. துரோகி என்றும் முட்டாள் என்றும் ஏசப்பட்டவர் பாடநூல்களில் தேசிய வீரரானார்.

இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்கும்போது, ஒறாபியின் வாழ்வில் எந்த ஒரு நாளும் முழுக் கணக்கையும் சொல்லவில்லை என்பது புலனாகும். 1881 செப்டெம்பரில் அவரை அளந்தவர்கள் வெற்றியாளர் என்றனர். 1882 செப்டெம்பரில் அளந்தவர்கள் தோல்வியாளர் என்றனர். 1883இல் கொழும்பு வீரர் என்றது. 1901இல் கெய்ரோ குற்றவாளி என்றது. இவற்றுள் எந்த நாளின் தீர்ப்பும் நிலைக்கவில்லை. அவர் எந்நாளிலும் தளரவில்லை என நாம் புனைந்துரைக்க வேண்டியதில்லை. தளர்ந்தார், வருந்தினார், தவறும் செய்தார். ஆயினும் தளர்ந்த நாட்களிலும் அருகிலிருந்தவர்களுக்குப் பயன்படும் ஒரு செயலைக் கைவிடவில்லை. நிதானம் என்பது உணர்ச்சியற்றிருத்தல் அன்று. இன்றைய நாளே இறுதி நாள் அன்று என்பதை அறிந்து, இன்று செய்யக்கூடியதைச் செய்வதே நிதானமாகும்.

இப்பாடம் எமது இரு சமூகங்களுக்கும் வெறும் வரலாற்றுச் செய்தி அன்று. 1983இன் வன்செயல்களும், 1990இல் வடபுல முஸ்லிம்களின் வெளியேற்றமும், 1995இன் யாழ்ப்பாண இடப்பெயர்வும், 2004இன் ஆழிப்பேரலையும், 2009இல் முடிந்த யுத்தமும் எமது மக்களுள் இலட்சக்கணக்கானோரை ஊரிழந்தோராக்கின. ஊர் திரும்பும் உரிமையை எவரும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. அதற்கான மனுவை எழுதிக் கொண்டே இருக்க வேண்டும், ஒறாபியும் எழுதினார். அதே வேளை, திரும்பிச் சென்றோர் பலர், தாம் விட்டு வந்த ஊர் அங்கு இல்லை என்பதைக் கண்டு மனமுடைந்ததையும் நாம் அறிவோம். ஒறாபியும் அதனைக் கண்டார். காத்திருந்த காலத்தை வெறும் இடைவெளியாகக் கழித்தவருக்கு அவ்வேளையில் கையில் எதுவும் எஞ்சுவதில்லை. அகதி முகாமின் கொட்டகையில் பிள்ளைகளைக் கூட்டிப் பாடம் சொல்லிக் கொடுத்த ஆசிரியர்களும், புத்தளத்தின் ஓலைக் குடிசைகளிலிருந்து பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் வரை அனுப்பிய தாய்மாரும் ஒறாபியின் பெயரைக் கேள்விப்படாமலேயே அவரது வழியில் நடந்தவர்களாவர்.

நல்ல நாட்களில் இருப்போருக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. இன்று கைதட்டுவோர் நாளை முகந்திருப்பக் கூடும். பதவியும் பட்டமும் கழன்ற பின்னர் எஞ்சப் போவது எது என்பதை, அவை கையில் இருக்கும்போதே எண்ணிப் பார்ப்பது நலம். பிள்ளைகளுக்குக் கிடைத்த கல்வியை எந்தச் சுல்தானாலும் எந்தப் படையாலும் திரும்பப் பறிக்க முடியாது.